மோதிரம் இறுகினால்...



கல்யாணத்தன்று போட்ட மோதிரம், இன்று சோப்புப் போட்டாலும் கழல மாட்டேன் என்கிறது. எட்டாம் நம்பர் செருப்பு போட்டவருக்குக் கடைக்காரர் பத்தாம் நம்பரை எடுத்து நீட்டுகிறார். "உடம்பு போட்டுட்டீங்க" என்கிறார்கள் வீட்டில். பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனால், எடை அவ்வளவாக ஏறாமலே கையும் காலும் பெருத்துக்கொண்டு போனால்? உயரம் நின்று இருபது வருஷமான உடம்பில் எது இன்னும் வளர்கிறது?

மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது அங்கேதான். அதில் சிறு கட்டி உண்டாகி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால், கையும் காலும் இப்படிப் பெருக்கும்; அதுதான் இந்த நோய். கட்டி அநேகமாகப் புற்றுநோய் அல்ல. சிறு வயதில் வந்தால் பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். வளர்ந்தவருக்கு வந்தால் எலும்பு நீள வழியில்லை. கை, பாதம், தாடை, மூக்கு, நாக்கு தடிக்கும். பற்களுக்கிடையே சந்து விழும், குரல் கனக்கும், வியர்வை கொட்டும். 1886-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி இதற்கு 'அக்ரோமெகாலி' என்று பெயர் வைத்தார்.

முகம் மாறுவது அழகுக் கவலை மட்டுமல்ல. வெளியே பெருப்பதுபோல உள்ளேயும் பெருக்கிறது. இதயத்தின் தசை தடித்து, நாளாவட்டத்தில் அதன் வேலை தளர்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால் சர்க்கரை நோய் வருகிறது. நாக்கும் தொண்டைச் சதையும் தடித்துப்போவதால் குறட்டை. தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வருகிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகின்றன. மூட்டு தேய்கிறது. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்பை அழுத்தி, இரு பக்கவாட்டுப் பார்வையும் மங்குகிறது. பெருங்குடலில் சதை வளர்ச்சி வரும் வாய்ப்பும் கூடுவதால், அதையும் சோதிக்கச் சொல்வார்கள்.

உலகப் புகழ்பெற்ற மல்யுத்த வீரர் 'ஆந்த்ரே தி ஜயன்ட்' நினைவிருக்கிறதா? அந்த மாபெரும் உடம்புக்குக் காரணம் இந்த ஹார்மோன்தான். 1993-ல், 46 வயதில், இதயம் செயலிழந்து இறந்தார். பார்த்தவர்கள் பலம் என்று வியந்த உடம்புக்குள் நோய் இருந்தது.

இந்த நோய் அபூர்வமானது. அதைவிடப் பெரிய சிக்கல், அது வரும் வேகம். வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால், தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து வருஷம் கழித்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்தான், "என்னப்பா, முகமே மாறிப்போச்சு!" என்பார். நோயாளியோ பல்லுக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு ஒருவர், சர்க்கரைக்கு இன்னொருவர் என்று தனித்தனியாகப் போய்வருவார். எல்லாவற்றையும் ஒரே நூலில் யாரும் கோப்பதில்லை.

கோத்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஐ.ஜி.எஃப்-1 என்ற இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் குளுக்கோஸ் குடிக்கவைத்து ஹார்மோன் இறங்குகிறதா என்று ஒரு பரிசோதனை, பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். தலையைத் திறக்காமல், மூக்கு வழியாகவே கட்டியை அகற்றுகிறார்கள். மிச்சம் இருந்தால் ஊசி, மாத்திரை, கதிர்வீச்சு என்று வழிகள் உண்டு. ஹார்மோன் கட்டுக்குள் வந்தால் சர்க்கரையும் அழுத்தமும் பலருக்கு இறங்கும். சதை வீக்கம் வடியும். ஆனால் பெருத்த எலும்பு சுருங்காது, தேய்ந்த மூட்டு திரும்பாது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

மோதிரம் இறுகிய எல்லோரும் பயப்பட வேண்டாம். ஆனால் செருப்பு நம்பரும் ஏறி, தலைவலி, வியர்வை, குறட்டை, சர்க்கரை என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், ஒரு நாள் சாயங்காலம் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் படத்தையும் இன்றைய படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.