எகனாமிக்ஸ் படிக்கல, பாலிசி ரிசர்ச் இன்டர்வியூ வந்திருக்கு: எப்படித் தயாராகறது?

போன வாரம் ஒட்டப்பிடாரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணே, பி.இ. முடிச்சிட்டேன். சென்னையில சமூகக் கொள்கை ஆய்வு பண்ற ஒரு நிறுவனத்துல ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு. நான் எகனாமிக்ஸ் படிக்கல. போகலாமா?" கண்டிப்பா போகணும். ஐ.டி.யில இருந்து இந்தப் பக்கம் வர நினைக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல, இந்த மாதிரி நிறுவனங்கள் என்ன செய்யுது? அடையாறுல 1971-ல் மால்கம் ஆதிசேசையா தொடங்கின எம்.ஐ.டி.எஸ். இருக்கு. தமிழக அரசோட சேர்ந்து ஆய்வு செய்யற ஜே-பால் தெற்காசியா இருக்கு. ஒரு திட்டம் மக்களுக்கு உண்மையிலேயே பலன் தருதா, யாருக்குத் தருது, யாருக்குப் போய்ச் சேரல – இதைத்தான் இவங்க தேடுறாங்க. அதனால இன்டர்வியூவுல எந்தக் கேள்வி வந்தாலும் அதுக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் ஒளிஞ்சிருக்கும்: "அது எப்படி உனக்குத் தெரியும்?"

ஒரு உதாரணம். 1956-ல் காமராஜர் நம்ம எட்டயபுரத்துல மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்குச்சு. இப்போ உங்களைக் கேக்கறாங்க: "காலை உணவு வந்த பிறகு ஒரு பள்ளியில வருகை கூடியிருக்கு. திட்டம்தான் காரணமா?"

"ஆமா சார், பசி போனா பசங்க வருவாங்க"ன்னு சொன்னா அது நல்ல மனசு, பதில் இல்ல. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் வழக்கத்துக்குத் திரும்பிக்கிட்டு இருந்த நேரம் அது. சாப்பாடு இல்லாட்டியும் வருகை கூடியிருக்கலாம். அப்போ என்ன செய்யணும்? முதல் கட்டத்துல 1,545 பள்ளிகள்லதான் திட்டம் வந்துச்சு. மாநிலம் முழுக்க விரிஞ்சது 2023 ஆகஸ்ட்ல. நடுவுல இருக்கிற அந்தக் காலத்துல, சாப்பாடு கிடைச்ச பள்ளிகளையும் இன்னும் கிடைக்காத அதே மாதிரிப் பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். "முதல் பள்ளிகளைக் குலுக்கல்ல தேர்ந்தெடுக்கல, அதனால இந்த ஒப்பீட்டுலயும் கவனம் வேணும். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பாம, நேர்ல போய்த் தலை எண்ணணும்"னு சேர்த்துச் சொன்னா, எதிர்ல இருக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க. இதுக்கு எகனாமிக்ஸ் டிகிரி வேணுமா?

அடுத்து, ஒரே ஒரு ஆய்வையாவது முழுசாப் படிச்சிட்டுப் போங்க. பத்து ஆய்வோட சுருக்கம் வேண்டாம். கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல கிட்டத்தட்ட 19,000 பிள்ளைகளை வச்சுச் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. கொரோனாவுல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாசத்துல பிள்ளைகள் மீட்டுட்டாங்க. அந்த மீட்சியில இல்லம் தேடிக் கல்வியோட பங்கு சுமார் 24 சதவீதம். இதைக் கவனிங்க. மொத்தமும் திட்டத்தாலதான்னு சொல்லியிருந்தா அது மிகை. ஒண்ணும் நடக்கலன்னு சொல்லியிருந்தா அது அநியாயம். இப்படிப் பிரிச்சுச் சொல்றதுதான் இந்த வேலை.

மூணாவது, டேட்டா டெஸ்ட். இது நம்ம ஏரியா. பெரும்பாலும் ஒரு அழுக்கான சர்வே ஃபைல் கொடுத்து, ஸ்டேட்டாவுலயோ ஆர்-லயோ சுத்தம் பண்ணச் சொல்வாங்க. பத்துக் குடும்பத்துல ஒன்பது பேர் மாசம் 8,000 ரூபாய்னு சொல்றாங்க, ஒருத்தர் பதில் சொல்லல. அவருக்கு மைனஸ் 999-னு குறிச்சிருக்கும். அதைக் கவனிக்காம சராசரி போட்டா 7,100 வரும். அந்தப் பத்து வீட்டுல யாருமே வாங்காத வருமானம் அது! அதை வச்சு ஒரு உதவித்தொகையோட வரம்பு முடிவாச்சுன்னா? ஐ.டி.யில பக் வந்தா ஆப் நிக்கும். இங்க ஒரு வீட்டுல அடுப்பு நிக்கும். அதனால கோடு ஓடினா மட்டும் பத்தாது. எதை நீக்கினீங்க, ஏன் நீக்கினீங்கன்னு வரிக்கு வரி கமெண்ட் எழுதுங்க.

நாலாவது, களத்தைப் பத்தின கேள்வி. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்துல அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருது. அது போய்ச் சேருதான்னு சர்வே எடுக்கணும்னு வைங்க. காலைல பத்து மணிக்குத் தெருவுக்குப் போனா யார் வீட்டுல இருப்பாங்க? வேலை நடக்கிற காலத்துல அளத்துக்குப் போற பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. யாரைப் பத்தி ஆய்வோ, அவங்களே கணக்குல விட்டுப்போவாங்க. "சாயங்காலம் போவேன்"னு உங்களால உடனே சொல்ல முடியும். பாஞ்சாலங்குறிச்சிக்காரனான எனக்கும் இந்தக் கரையோர ஊர்க்காரங்களுக்கும் இருக்கிற பலம் இது. ஆனா ஊர்க்காரங்கங்கிறதாலயே எல்லாம் தெரியும்னு நினைச்சுடாதீங்க. அடுத்த தெருவோட கதையே வேறயா இருக்கும்.

இன்னொண்ணும் கேப்பாங்க. ஒரு அக்கா உங்க கையைப் பிடிச்சு, "பேரை எழுதிட்டியேம்மா, பணம் வந்துருமா?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? "அக்கா, நான் கவர்மென்ட் ஆள் இல்ல. என்னால பணம் வாங்கித்தர முடியாது. இஷ்டமில்லன்னா பதில் சொல்ல வேண்டாம்." இதை முதல்லயே சொல்லணும். பொய் நம்பிக்கை கொடுத்து வாங்கின பதில் டேட்டாவே இல்ல.

கடைசியா, "ஏன் இந்த வேலை?"ன்னு கேட்டா "சமூக சேவை பிடிக்கும்"னு முடிச்சுடாதீங்க. உங்களைத் தூங்கவிடாத ஒரு குறிப்பான கேள்வியைச் சொல்லுங்க. அப்புறம் நீங்களும் கேளுங்க: சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாசம், மாசத்துல எத்தனை நாள் களம், வெளியூர்ல தங்க இடம் யார் ஏற்பாடு பண்ணுவாங்க. ஐ.டி.யை விடச் சம்பளம் குறைவா இருக்கலாம், அதை வீட்டுல முன்னாடியே பேசிடுங்க. கேக்கக் கூச்சப்பட வேண்டாம். கேள்வி கேக்கறதுக்குத்தானே உங்களை வேலைக்கு எடுக்கறாங்க?

இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தவங்க, உங்ககிட்ட கேட்ட கேள்விகளை வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.