தையல் கற்றுக்கொடுப்பதும் தொழில்தான்

திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களில் 'டெய்லர் தேவை' என்ற அட்டையை அடிக்கடி பார்க்கலாம். ஓவர்லாக், பேட்லாக் மெஷின் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு கிராக்கி. நாலைந்து பழைய பவர் மெஷின், ஒரு ஹால், பொறுமையாகச் சொல்லித்தரும் டெய்லர் ஒருவர் இருந்தால் சிறிய பயிற்சி நிலையம் ஆரம்பித்துவிடலாம். முதலில் நூல் கோக்காமலே, கோடு போட்ட காகிதத்தில் ஊசியை ஓட்டப் பழக்குவார்கள். பெடலை மிதிக்கும் கால் வேகம் அடங்கிவிட்டால் பாதி வேலை கைவந்த மாதிரி.

கட்டணத்தை மாணவரிடம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆள் தேடும் கம்பெனியும் ஒரு பங்கு தரும்படி முன்கூட்டியே பேசிவையுங்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி கம்பெனியில் பழகும் காலத்திலேயே மாணவருக்கு உதவித்தொகை உண்டு. 2016-இல் வந்த மத்திய அரசுத் திட்டம், ஒரு வரம்புக்குள், அதில் கால்பங்கை ஏற்கிறது.

வெறும் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலைக்குப் போன பிள்ளை மூன்று மாதம் கழித்தும் அங்கே நிலைத்திருக்கிறாளா என்று போன் போட்டுக் கேளுங்கள்.