வயிற்றுக்கும் ஒரு நேரம் வையுங்கள்

(ஏரலில் நடந்த நமது கூட்டமைப்புக் கூட்டத்திற்குச் சக்கர நாற்காலியில் வந்திருந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் குழுவின் பெயரும் போடவில்லை.)



சேமிப்பு, உள்கடன், வட்டி பற்றி இந்த இடத்தில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது வெளிக்குப் போவதைப் பற்றி. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க, பரவாயில்லை. இதைப் பேச வெட்கப்பட்டுத்தான் இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். இன்னொரு பெண் அப்படிக் கிடக்கக் கூடாது என்றுதான் பேச வந்திருக்கிறேன்.

2011-ல் வாழைத்தோட்ட வேலைக்குப் போன லோடு ஆட்டோ கவிழ்ந்து என் முதுகுத்தண்டில் அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. இனி நடக்க முடியாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வயிறு முட்டுவதும் தெரியாது, வெளிக்குப் போவதும் தெரியாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன்.

அப்போது நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிட்டால்தானே போகும்? சாப்பிடாமல் இருந்துவிட்டால்? காலையில் ஒரு டம்ளர் நீச்சத்தண்ணி, ராத்திரி இரண்டு இட்லி. தண்ணீரும் குடிப்பதில்லை. நாலு நாள், அஞ்சு நாள் ஒன்றுமே போகாது. அப்புறம் நேரம் காலம் இல்லாமல் தண்ணீர் மாதிரிக் கசியும். சேலை, பாய் எல்லாம் வீணாகும். எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் துணி அலசினாள். இடுப்பில் வந்த படுக்கைப் புண், உடம்பில் சத்து இல்லாததால் ஆறவே இல்லை.

ஒருநாள் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஆகிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையை மூக்கில் வைத்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் கூட்டத்துக்கே போகவில்லை. சந்தாவை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்புவேன்.

எங்கள் ஊக்குநர் அக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஏட்டி, சந்தா மட்டும் வருது, நீ ஏன் வரமாட்டேங்க?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அவள் என் தட்டைப் பார்த்தாள். "இதென்னட்டி, குருவிக்கு வச்ச மாதிரி வச்சிருக்கே?" என்றாள். அவ்வளவுதான், அழுது கொட்டிவிட்டேன். அவள்தான் விசாரித்து, ஒரு மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த நர்ஸ் அம்மா முதலில் சொன்னது இதுதான்: "பட்டினி கிடந்து வயிற்றை அடக்க முடியாது. நேரம் வைத்துத்தான் பழக்க முடியும்."

ஏன் இப்படி ஆகிறது?

குடல் சாகவில்லை. அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் நரம்பு அறுந்துவிட்டது. அதனால் "வருது" என்று நமக்குத் தெரியாது, "பொறு" என்று நம்மால் அடக்கவும் முடியாது. குடல் மெதுவாக அசைவதால் மலமும் கட்டிப்படும்.

அடிபட்ட இடத்தைப் பொறுத்து இது இரண்டு வகை. முதுகின் நடுவிலோ மேலேயோ அடிபட்டால் ஆசனவாய் இறுக்கமாக இருக்கும். உள்ளே தூண்டிவிட்டால் குடல் தானாகச் சுருங்கித் தள்ளும். என்னுடையது இந்த வகை. இடுப்புக்குக் கீழ்ப்பக்க நரம்பில் அடிபட்டால் ஆசனவாய் தளர்ந்திருக்கும். தூண்டினாலும் தள்ளாது. அவர்கள் தினமும் கையுறை போட்டு விரலால் எடுத்துவிட வேண்டும். யாருக்கு எந்த வகை என்பதை டாக்டர் பரிசோதித்துச் சொல்வார். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்கக் கூடாது.

நான் செய்கிற முறை

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரை மணி. எந்த நேரம் என்பது அவரவர் வசதி. ஆனால் வைத்த நேரத்தை மாற்றக் கூடாது.

முதலில் ஒரு டம்ளர் சுடுதண்ணீரோ காப்பியோ குடித்து, ஏதாவது கொஞ்சம் சாப்பிடுவேன். வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்தால், அடுத்த அரை மணி நேரத்துக்குள் குடல் அசையத் தொடங்கும். இது எல்லோருடைய உடம்புக்கும் உள்ள இயல்புதான்.

பிறகு கையுறை போட்டு, ஜெல்லி தடவி, வாசல் பக்கத்தில் நிற்கும் மலத்தை மெல்ல எடுத்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த ஆசனவாய் மாத்திரையை வைப்பேன். மாத்திரை குடல் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கமோடு நாற்காலிக்கு மாறிவிடுவேன். படுத்திருப்பதைவிட உட்கார்ந்தால் சுலபமாக இறங்கும். அடிவயிற்றில் வலது பக்கம் தொடங்கி, மேலே போய், குறுக்கே வந்து, இடது பக்கம் கீழே இறக்கித் தடவிக் கொடுப்பேன். கடிகார முள் சுற்றுகிற மாதிரி.

போகவில்லை என்றால், ஜெல்லி தடவிய விரலை உள்ளே விட்டு 15, 20 விநாடி மெதுவாக வட்டமாகச் சுற்றுவேன். ஐந்து, பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் ஒருமுறை. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். குத்தினாலும் கிழித்தாலும் நமக்கு வலி தெரியாது, அதனால் அவசரமே கூடாது.

எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே நாளில் பழகவில்லை, எனக்குச் சரியாக ஒன்றரை மாதம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அழுதேன். சாப்பாட்டையோ மருந்தையோ மாற்றுவதாக இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று நர்ஸ் அம்மா சொன்னார்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எப்படிப் போனது என்று எழுதி வைத்தேன். நம் குழுக் கணக்கு மாதிரித்தான், எழுதினால்தான் தெரியும்.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. குழந்தைக்குப் போகாவிட்டால் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு வைப்போம், சோப்புத் துண்டு வைப்போம். உணர்ச்சி இல்லாத உடம்பில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே புண்ணானாலும் எரிந்தாலும் தெரியாது. முதல் தடவை நர்ஸோ டாக்டரோ நேரில் காட்டிக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடும் சுத்தமும்

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், பயறு என்று நம்மூரில் கிடைப்பதுதான். ஆனால் நார்ச்சத்தை மட்டும் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் இன்னும் கட்டிப்படும். எவ்வளவு தண்ணீர் என்பதைச் சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தைக் கட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். பெண்களுக்கு மூத்திர வழி பக்கத்திலேயே இருப்பதால், பின்னாலிருந்து முன்னால் கழுவினால் கிருமி ஏறிவிடும். கழுவிய பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்த வேண்டும். மலமும் ஈரமும் பட்ட தோல்தான் முதலில் புண்ணாகும். மாதவிலக்கு நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். தினமும் கண்ணாடி வைத்து இடுப்பையும் பின்புறத்தையும் பார்க்கிறேன். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் படுத்துவிடுவேன். கமோடு நாற்காலியின் ஓட்டை விளிம்பும் வெட்டும், பஞ்சு வைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகும் அதில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கையுறையைக் கழிவறைக்குள் போடாமல் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

பல நாள் போகாமல் இருந்து, பிறகு தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே மலம் அடைத்து நிற்க, அதன் ஓரமாகக் கசிவதாக இருக்கலாம். நிறுத்துகிற மாத்திரை போட்டால் இன்னும் மோசமாகும். எனக்கு நடந்தது அதுதான். வயிறு உப்பி வாந்தி வந்தாலும், இரத்தம் தொடர்ந்து வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலேயோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மலம் அடைத்திருந்தாலோ இதைச் செய்யும்போதோ திடீரென்று மண்டை பிளக்கிற மாதிரி வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா பார்த்து, 108-க்குப் போன் செய்யுங்கள். இதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

வெள்ளத்தில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல்காரர்கள் மறக்க மாட்டோம். தாமிரபரணி ஊருக்குள் வந்து, பாலத்துப் பக்கம் சாலை அரித்துப்போய், நாம் துண்டுபட்டுக் கிடந்தோம். என்னைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே அறையில் பதினோரு பேர். கமோடு நாற்காலி தண்ணீரோடு போய்விட்டது. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. கொடுத்த பிஸ்கட்டைக்கூட வேண்டாம் என்றேன்.

எங்கள் மைனி என்னைத் திட்டினாள். "மறுபடியும் பட்டினியா? தின்னு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். நான் எப்போதும் ஒரு மூடி போட்ட வாளியில் கையுறை, ஜெல்லி, மாத்திரை, பழைய துணி, பிளாஸ்டிக் விரிப்பு வைத்திருப்பேன். அதை மகள் கையோடு எடுத்து வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் மைனியும் இன்னொரு அக்காவும் அறை மூலையில் சேலையை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். ஆண்கள் மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டார்கள். விரிப்பில் இடது பக்கம் சரிந்து படுத்து என் வேலையை முடித்தேன். உட்கார வழியில்லாதபோது இடது பக்கம் படுத்துச் செய்யலாம் என்று அந்த நர்ஸ் அம்மா சொன்னது அன்றைக்கு உதவியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

நான் கேட்பது

முதுகுத்தண்டு அடிபட்ட பிறகும் வாழ்ந்து காட்டியவர்கள் நம் நாட்டில் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் வரக் காரணமானார். நமக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், 1975-ல் கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் வாசலைத் தாண்டினால்தானே நாமும் ஏதாவது செய்ய முடியும்? அந்த வாசல் எனக்குத் திறந்தது வயிறு ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகுதான்.

எங்கள் குழு உள்கடன் கொடுத்தது. அதில் கழிவறைக் கதவை மூன்றடி அகலமாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தோம். கைப்பிடி அடித்தோம். ஒரு அடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம் என்று சரிவுப் பாதை போட்டோம். கடனைத் தவணை தப்பாமல் கட்டிவிட்டேன். மகள் மறுபடி பள்ளிக்கூடம் போய், இப்போது நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள்.

உங்களிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, இப்படிச் செலவுக்குக் கடன் கேட்டால், "இது வருமானம் தராத கடன்" என்று தள்ளாதீர்கள். இரண்டு, கூட்டம் போடும் இடத்தில் சரிவுப் பாதையும், சக்கர நாற்காலி நுழைகிற கழிவறையும் வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்று, உங்கள் தெருவில் மரத்திலிருந்து விழுந்தவரோ விபத்தில் அடிபட்டவரோ வீட்டுக்குள்ளேயே இருந்தால், போய்ப் பாருங்கள். அவர் தட்டையும் பாருங்கள். குறைவாகச் சாப்பிட்டால், ஏன் என்று கேளுங்கள்.

நம்ம சேர்மன் சாமி கோயிலுக்கு ஆடி அமாவாசை அன்று பல வருஷம் போகாமல் இருந்தேன். கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். இப்போது ஐந்தரை மணிக்கு என் வேலையை முடித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரைக்கு எல்லாரோடும் போய்வருகிறேன்.