தோண்டிப் பார்த்த கணக்கு



அரசு ஓர் ஊருக்கு மானியம் கொடுக்கிறது. சாலையோ பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரோ எழும்புகிறது. ரசீதுகள் கோப்பில் ஏறுகின்றன; பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போகிறது; மறு ஆண்டு ஒதுக்கீடு வருகிறது. கொடுத்த பணம் முழுவதும் வேலையில் இறங்கியதா, இறங்கியதால் ஊர் மாறியதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கோப்பில் இடமில்லை. விடை தேடிப் புறப்பட்ட இரண்டு நாடுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இந்தோனேசியா. 1998இல், அதிபர் சுகார்த்தோ பதவி இழந்த அதே ஆண்டில், உலக வங்கியின் கடனுதவியோடு அங்கே கெச்சமாத்தான் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கெச்சமாத்தானை நம் ஊராட்சி ஒன்றியம் போன்ற ஓர் அமைப்பு எனலாம். தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஊர்கள் தாங்களே முடிவு செய்து விண்ணப்பித்தன. பணம் தவணை தவணையாக வந்தது. வாங்கிய தவணைக்கு ஊர்க்கூட்டத்தில் கணக்குச் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும். ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

இத்திட்டத்தில் சாலை போட்ட 608 ஊர்களைப் பொருளியல் அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பொறியாளர்கள் சாலையின் பல இடங்களில் சதுரமாகக் குழி வெட்டி, கல், ஜல்லி, மணல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். அக்கம்பக்கத்தில் விலை விசாரித்தார்கள். வேலைக்குப் போனவர்களிடம் கூலி கேட்டறிந்தார்கள். வேலை நடக்கும்போது பொருள் இயல்பாக எவ்வளவு சேதாரமாகும் என்பது தெரிய, சிறிய சோதனைச் சாலைகளைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். எழுதிய செலவுக்கும் மண்ணில் கிடைத்ததற்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய கால் பங்கு துண்டு விழுந்தது.

சில ஊர்களிடம், ‘அரசுத் தணிக்கையாளர் கட்டாயம் வருவார்’ என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிட்டார்கள். வழக்கமாக நூற்றுக்கு நான்கு வேலைகளுக்குத்தான் தணிக்கை வரும். முன்கூட்டிச் சொன்ன ஊர்களில் துண்டு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வேறு சில ஊர்களில் நூற்றுக்கணக்கில் அழைப்பிதழ் கொடுத்துக் கணக்குக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள். கூட்டம் சேர்ந்தது, கூலியில் களவும் குறைந்தது; ஆனால் பொருள் கணக்கில் களவு குறையவில்லை. தன் கூலி குறைந்தால் கேட்க ஆள் உண்டு. லாரியில் எத்தனை கன அடி ஜல்லி வந்தது என்று யார் அளப்பது? தணிக்கை வந்த ஊர்களிலும் வேறொரு கதவு திறந்தது: பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கிடைப்பது கூடியது. கூலியை ஊர்க்கூட்டம் பார்க்கட்டும், ஜல்லியைப் பொறியாளர் பார்க்கட்டும், ஆள் பட்டியலை இருவரும் பார்க்கட்டும் என்பதே 2007இல் வெளியான அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

அடுத்தது சியரா லியோன். உள்நாட்டுப் போர் முடிந்த அந்நாட்டில் கோபிஃபோ என்ற திட்டம் ஊர்களுக்கு மானியம் கொடுத்தது. ஊர்க் காரியங்களில் பெண்களும் இளைஞர்களும் வாய் திறக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கம். 236 ஊர்களில் பாதியைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எதை வெற்றி என்று எண்ணுவோம் என்பதை ஆய்வாளர்கள் முன்னதாகவே எழுதிவைத்தார்கள். பின்னர் மானியம் பெற்ற, பெறாத இருவகை ஊர்களுக்கும் ஒரு பெரிய தார்ப்பாயை இனாமாகக் கொடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். அது பொதுக்காரியத்துக்கு வந்ததா, ஒரு வீட்டோடு நின்றதா? இரண்டு வகை ஊர்களும் ஒன்றுபோலவே நடந்துகொண்டிருந்தன. மானியத்தால் கட்டடங்கள் வந்தன, மக்களின் பொருளாதார நிலையும் ஓரளவு உயர்ந்தது. ஊர் முடிவெடுக்கும் முறை மாறவில்லை. முன்னதாக எழுதிவைக்காமல் இருந்திருந்தால், தமக்கு வேண்டிய விடைகளைப் பொறுக்கியெடுத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ எப்படியும் எழுதியிருக்க முடியும் என்று 2012இல் வந்த அவர்களுடைய கட்டுரையே காட்டியது.

நம் தமிழ்நாட்டில் 1997இல் பிறந்த ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரில் மீண்டும் வந்தது. மக்கள் தங்கள் பங்குத் தொகையைக் கட்டினால் மீதியை அரசு போடும் திட்டம் இது. இதற்கு என் யோசனைகள் மூன்று. எந்தெந்த வேலைகளைத் தோண்டிப் பார்ப்போம் என்பதை முடிந்தபின் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் குலுக்கலில் வரும் வேலையைத் தோண்டுவது உறுதி என்று பணி ஆணையிலேயே அச்சிட வேண்டும். கட்டியது பயன்பாட்டில் இருக்கிறதா என்று மூன்றாம் ஆண்டில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பங்குத் தொகையைத் திரட்ட முடியாததால் விண்ணப்பிக்காமலே நின்றுவிட்ட ஊர்களையும் பட்டியலிட வேண்டும். கோப்பே இல்லாத அந்த ஊர்களைப் பற்றி எந்தத் தணிக்கையும் பேசாது. மானியம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களில் பலர் அங்கேதான் இருக்கக்கூடும்.