காணொளியும் காண்போரும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் வாலிபர் பலர் யூடியூபில் காணொளி வெளியிடுவதை ஜீவனோபாயமாகக் கொள்ள விழைகின்றனர். அவருள் ஒருவர், பார்வைகளை விலைக்குத் தருவதாகக் கூறிய ஒரு தரகரிடம், தம் தாயாரின் தோட்டை அடகு வைத்துப் பெற்ற பணத்தைக் கொடுத்து ஏமாந்தார். அதன்பொருட்டே இவ்விஷயத்தைப் பேச முன்வந்தோம்.

நம் புதுக்கோட்டை ஜில்லாவிலேயே நல்லுதாரணம் உளது. சின்ன வீரமங்கலத்துப் பெரியதம்பி தாத்தாவும் அவர்தம் பேரர்களும் 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினர். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் அதுவே. பேச்சுக் குறைவு, காட்சியே பிரதானம். ஆதலின் தமிழறியாதாரும் கண்டு களித்தனர்.

காண்போர் வரும் வழிகள் பல. முதலாவது தேடல். பலாக்கன்று நடும் முறையைக் காட்டுவோர், ஜனங்கள் தேடும் அச்சொற்களையே தலைப்பில் இடுதல் வேண்டும்.

இரண்டாவது, யூடியூப் தானே முகப்பிலும், பிற காணொளிகளின் அருகிலும் எடுத்துக் காட்டுவது. முகப்புப் படத்தைக் கண்டோர் திறந்தனரா, திறந்தோர் நெடுநேரம் இருந்தனரா, திருப்தியுற்றனரா என்பவற்றை அது கவனிக்கின்றது. வாசலில் விருந்தென்று எழுதி உள்ளே கஞ்சி வார்த்தால் எவர் அமர்வர்?

மூன்றாவது ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளி. அது அறியாதாரை அழைத்து வரும். அவரை நெடுங்காணொளிக்குக் கொண்டுசெல்ல அதன்கண் இணைப்புக் கொடுத்தல் நலம்.

நான்காவது வாட்ஸ்அப் முதலிய வெளிவழி. உறவினர் முகதாட்சிணியத்தால் திறந்து நொடியில் மூடுவதாற் பிரயோஜனமில்லை. அப்பொருளில் நாட்டமுடையார்க்கு அனுப்புதலே தகும்.

எவ்வழியில் எத்துணையர் வந்தனர் என்பதை யூடியூப் ஸ்டூடியோ கணக்குப்பிள்ளைபோற் காட்டும். அதனைப் பார்த்துப் பயனளிக்கும் வழியைப் பெருக்குக.

விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அன்றேல் 90 நாளில் ஷார்ட்ஸ் பார்வை ஒரு கோடி வேண்டும். விலைக்கு வாங்கிய பார்வை விதிக்கு விரோதம். சேனலையே இழக்க நேரும்.

பெற்றோர்களே! மக்களின் முயற்சியை இகழாதீர். நகையை அடகு வைக்கவும் இசையாதீர். வாலிபர்களே! குலப்பெருமை பேசிக் கூட்டம் சேர்க்க வேண்டா, கைத்திறனைக் காட்டுக. அதனை நாடி உலகம் வரும்.