சிறு இலாபமும் பெரு வாணிகமும்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இவ்விரண்டு ஊர்களிலும் நம்மவர் பலர் பலசரக்கு வாணிகத்தாற் குடும்பம் நடத்தி வருகின்றனர். பெரும் பண்டகசாலைகள் குறைந்த விலைக்கு விற்பதால், தம் கடைகள் நிலைக்குமோ என்னும் அச்சம் அவர்களைப் பற்றியுள்ளது. ஆதலின் அவ்விலைக் குறைவின் காரணம் யாதென ஆராய்வோம்.

ஜெர்மனி தேசத்து எஸ்ஸென் நகரில் 1913-ஆம் ஆண்டு ஆல்பிரெக்ட் குடும்பத்தார் ஒரு சிறு மளிகைக் கடை வைத்தனர். இரண்டாம் உலகப் போரின் பின் அதனை ஏற்ற மைந்தர் கார்ல், தியோ இருவரும் ஒரு நெறியைக் கைக்கொண்டனர். சில வகைச் சரக்கே வைத்தல், அவற்றை மிகுதியாகக் கொள்முதல் செய்தல், அலங்காரம் ஒழித்துப் பெட்டியோடே பரப்புதல், சில ஆட்களைக் கொண்டே கடை நடத்துதல் என்பன அந்நெறியாம். மிஞ்சிய செலவு, வாங்குவோர்க்கு விலைக் குறைவாயிற்று. சரக்கு விரைந்து விற்றமையால் சிறு இலாபமே பலகால் வந்து பெருகிற்று. 1962 முதல் ‘ஆல்டி’ எனப் பெயர் பூண்ட அவ்வாணிகம், 1967-இல் ஆஸ்திரியா, 1976-இல் அமெரிக்கா, 1990-இல் இங்கிலாந்து, 2001-இல் ஆஸ்திரேலியா, 2019-இல் சீனம் எனக் கடல் கடந்தும் பரவிற்று. சிகரெட்டு விற்கலாமா என்னும் விவாதத்தால் சகோதரர் வடக்கும் தெற்குமாக வாணிகத்தைப் பகுத்துக்கொண்டனராயினும், இருவரும் அப்பெயரையே வழங்கித் தழைத்தனர். பாகப்பிரிவினையில் வழக்காடிக் கைம்முதலை அழிப்போர் இதனை எண்ணுக.

நம் பாரத நாட்டிலும், இராதாகிஷன் தமானி என்பார் 2002-இல் மும்பையிற் பொவாய் என்னுமிடத்தில் தொடங்கிய டி-மார்ட் இத்தகையதே. பெரும்பாலும் சொந்தக் கட்டிடத்திற் கடை வைத்து வாடகையை மிச்சப்படுத்துகின்றனர். சரக்கு அனுப்பியோர்க்கு விரைவிற் பணங்கொடுத்து, அதனால் விலை குறைத்து வாங்குகின்றனர்.

ஆகவே, விலைக் குறைவின் மூலம் மூன்றாம்: வீண்செலவு நீக்கல், மிகுதியாக வாங்கல், பணத்தை முடங்கவிடாமை. எடையிற் குறைத்து விலை குறைத்தல் வாணிகமன்று.

இவற்றுள் முதலாவது ஒவ்வொருவர்க்கும் கைகூடும். இரண்டாவதற்குக் கூட்டுறவு வேண்டும். தனித்து நிற்குங் கடைக்காரர் மொத்த வியாபாரி கூறும் விலைக்கே வாங்குவர். பத்துக் கடைக்காரர் சேர்ந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஒன்றாக வாங்கின், விலை பேசும் வலிமை அவர்க்கும் உண்டாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், வாங்குவோரே ஒன்றுகூடிப் பண்டகசாலை நடத்தலாமெனக் காட்டிற்று. வாங்குவோர்க்கு இயன்றது விற்போர்க்கு இயலாதோ?

மூன்றாவது தாய்மார்கள் கையிலும் உள்ளது. முகமறிந்து கடன் கொடுத்துதவுவது நம் சிறு கடையே. அக்கடன் உரிய நாளில் தீராவிடின் கடைக்காரரின் கைம்முதல் முடங்கும். முடங்கவே, அவர் தாமும் கடனுக்கு வாங்கி விலையை உயர்த்துவர். மாதக் கணக்கைத் தவணை தவறாது தீர்த்தலே நம் குடும்பங்கள் செய்யத்தக்க உதவி.

இரண்டு ஊர்க் கடைக்காரரையும் ஒருங்கழைத்து, கூட்டுக் கொள்முதலை நம் சங்கம் விரைவில் தொடங்குமாறு வேண்டிக்கொண்டு, என் உரையை முடிக்கின்றேன்.