பிடி: ஒரு வினையின் விரிவு
(காவேரிப்பட்டினத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

இத்தாலி நாட்டிலே 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, தமிழ்த்தொண்டாற்றியவர் வீரமாமுனிவர். 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நாற்பிரிவினது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது அதன் முதற்பிரிவு.

அவர்தம் தாய்மொழியில் 'பிரெந்தெரெ' என்றொரு வினை உண்டு. 'எடுத்தல்' என்பது அதன் முதற்பொருள். எனினும், வண்டி பிடிப்பதும் தீப்பிடிப்பதும் சளி பிடிப்பதும் இத்தாலியர்க்கு அவ்வொரு வினையே. அச்சொல்லுக்கும் நம் 'பிடி'க்கும் வேருறவு யாதுமில்லை. கை செய்யும் தொழிலைக் கொண்டே மாந்தன் பிற தொழில்களையும் எண்ணினான்; அதனாலேயே இவ்வொப்புமை.

நம் 'பிடி'யின் விரிவைப் பாருங்கள். உழவர் ஏர் பிடிப்பர்; தாய் கொழுக்கட்டை பிடிப்பாள்; குழந்தை அடம் பிடிக்கும். இம்மாவட்டத்து மாந்தோப்புகளில் பூ உதிராது பிஞ்சு நின்றால், காய் பிடித்தது என்கின்றோம். இரும்பில் துருப் பிடிக்கும். கழுத்தில் பிடிப்பு உண்டாகும். கூலியில் பிடித்தம் நேரும். அறிவுக்குக் கண்டுபிடித்தல், ஒழுக்கத்துக்குக் கடைப்பிடித்தல். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்னுந் தொடரில் எழுவாய் எது? மாம்பழமே! விருப்பத்தை, பொருள் நம்மைப் பற்றிக்கொள்ளும் செயலாகக் கண்டது தமிழ் உள்ளம்.

எல்லைக்கு அப்பால் கன்னடர் இவ்வினையை 'ஹிடி' என்பர். பழங்கன்னடத்தில் அது 'பிடி'யே. பால் 'ஹாலு' ஆனதும் புலி 'ஹுலி' ஆனதும் இவ்வாறே. அவர்கள் ஒலியை மாற்றினர், வினையைக் கைவிட்டாரல்லர். நாமோ ஒலியைக் காத்துக்கொண்டு வினையை இழந்து வருகின்றோம்.

எங்ஙனம் எனில், ஓசூர்த் தொழிற்கூடங்களிலே காதுகொடுத்துக் கேளுங்கள். கருவியை 'ஹோல்டு பண்ணு' என்கின்றனர். பேருந்தைக் 'கேட்ச் பண்ணு' என்கின்றனர். கூலியில் 'டிடக்ட் பண்ணிவிட்டார்கள்' என்கின்றனர். கைப்பேசியிலோ 'லைக் பண்ணு'! 'பிடி' ஒன்றே நின்ற நான்கு இடங்களில் நான்கு அயற்சொற்கள். 'பண்ணு' நல்ல தமிழ்வினைதான். அதனைச் சுமைதூக்கியாக்கி, அயற்சொல் மூட்டைகளை அதன் தலையில் ஏற்றிவிட்டோம்.

அயலிலிருந்து பெயர்ச்சொல் ஒன்று வந்தால், பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரே மறையும். வினை போயின் அதன் கிளையனைத்தும் பட்டுப்போகும். 'பிடி' வழக்கொழிந்தால், பிடிப்பு, பிடித்தம், பிடிமானம் ஆகியவற்றை நாளைய மாணவன் அகரமுதலியில் தேட நேரும். வினையே மொழிக்கு முதுகெலும்பு.

ஆதலின் ஒன்று வேண்டுவேன். புதுப்பொருளுக்குப் பெயர் ஆக்க அறிஞர் குழு வேண்டும். வினையைக் காக்கவோ நம் பாட்டிமாரின் வாய்மொழியே போதும். கிழமைக்கொரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். எடு, விடு, படு, கொள், போடு என எத்தனையோ உள. தோப்பிலும் அடுக்களையிலும் பட்டறையிலும் அது வழங்கும் இடங்களையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். மறுநாள் முதல் அவ்விடங்களில் அவ்வினையையே வாயாரச் சொல்லுங்கள்.

பேருந்தைப் பிடியுங்கள்! தமிழையும் விடாது பிடியுங்கள்!

வெல்க தமிழ்!